உம்ராப் பயணத்துக்கு இ-சிம்: என்னுடைய கைபேசிக்கு மட்டும் வாங்கினால் போதுமா?

நிந்தவூர் இளையவன்:

அஸ்ஸலாமு அலைக்கும். அடுத்த மாதம் உம்மாவையும் வாப்பாவையும் அழைத்துக்கொண்டு உம்ராவுக்குச் செல்லவிருக்கிறேன். டுபாயில் விமானம் மாறி ஜித்தாவில் இறங்குவோம்; மக்காவிலும் மதீனாவிலுமாக இரண்டு வாரங்களுக்குச் சற்றுக் கூடுதலாகத் தங்குவோம். என்னிடம் இருப்பது கல்முனையில் வாங்கிய பாவித்த ஐபோன் 12. உம்மாவிடம் இரண்டு சிம் போடக்கூடிய சாம்சங் கைபேசியும் வாப்பாவிடம் பட்டன் போனும் உள்ளன. எனக்கு மட்டும் ஒரு சவூதி இ-சிம் (அட்டை இல்லாமல் கைபேசிக்குள்ளேயே ஏற்றும் சிம்) வாங்கி, உம்மாவுக்கு ஹொட்ஸ்பொட் (என் கைபேசியின் இணையத்தை வைஃபையாகப் பகிர்வது) மூலம் இணைப்புக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். வங்கியின் ஓடிபி (ஒருமுறைக் கடவுச்சொல்) செய்திகள் என்னுடைய இலங்கை இலக்கத்துக்கே வருவதால் அந்தச் சிம்மைக் கழற்றவும் முடியாது. ஏரலோ, நோமாட், ஹோலாஃப்ளை என்று இ-சிம் விற்கும் பல நிறுவனங்களின் பெயர்களைச் சொல்கிறார்கள். எதைத் தெரிவு செய்வது, எப்படி அமைப்பது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கல்லடிப் பாலத்தடி:

வணக்கம் தம்பி. நிறுவனத்தைத் தெரிவு செய்வதற்கு முன்பு உங்கள் கைபேசியைப் பரிசோதித்துவிடுங்கள். பாவித்த ஐபோன் என்று நீங்கள் எழுதியதுதான் எனக்கு உறுத்துகிறது. செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபௌட் என்ற பக்கத்தைத் திறந்து, கெரியர் லொக் என்ற வரியில் ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருக்கிறதா எனப் பாருங்கள். வெளிநாட்டுத் தொலைபேசி நிறுவனமொன்றின் சிம்மை மட்டுமே ஏற்கும் பூட்டுடன் வந்த ஐபோன்களை இங்கே சிலர், அந்தப் பூட்டை ஏமாற்றச் சிம் அட்டைக்கு அடியில் மெல்லிய சிப் ஒன்றை ஒட்டி விற்றுவிடுகிறார்கள். சிம் தட்டை வெளியே இழுத்து அட்டையைத் தூக்கினால், தங்க நிறப் புள்ளிகளோடு அட்டையின் அளவிலேயே ஓர் ஏடு தனியே வரும். அப்படி ஏதும் இருந்தால், இலங்கைச் சிம் ஒழுங்காக வேலை செய்தாலும், அந்தக் கைபேசியில் பயண இ-சிம்மை நம்பிப் புறப்படக்கூடாது. சீனாவில் விற்கப்பட்ட ஐபோன் 12 ஆக இருந்தால் அதில் இ-சிம் வசதியே கிடையாது.

இரண்டு கைபேசிகளிலும் *#06# என்று அழுத்திப் பாருங்கள். ஐஎம்ஈஐ என்ற கைபேசி அடையாள இலக்கங்களோடு, ஈஐடி என்ற இ-சிம்முக்கான 32 இலக்கத் தொடரும் தோன்றினால் அந்தக் கைபேசி இ-சிம்மை ஏற்கும்.

அமைக்கும்போது பலரைக் குழப்புவது ரோமிங் (வெளிநாட்டு வலையமைப்பில் சிம் இயங்குவது) என்ற ஒரே பெயரில் இரண்டு விடயங்கள் இருப்பதுதான். ஒன்று, உங்கள் இலங்கை நிறுவனம் தன் பக்கத்தில் திறந்துவிட வேண்டிய ரோமிங் சேவை. அது திறக்கப்படாவிட்டால் சவூதியில் உங்கள் இலக்கத்துக்கு ஓடிபி வராது, ஆகவே புறப்படும் முன்பே அதைக் கேட்டுப் பெற்று, கணக்கில் ரீலோடும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றையது, கைபேசிக்குள் ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனியாக உள்ள டேட்டா ரோமிங் பொத்தான். இதை இலங்கைச் சிம்முக்கு அணைத்தும் பயண இ-சிம்முக்குத் திறந்தும் வைக்க வேண்டும். பயண இ-சிம்கள் பெரும்பாலும் வேறொரு நாட்டு நிறுவனத்தின் பெயரில் வெளியிடப்பட்டு, உள்ளூர் வலையமைப்பில் விருந்தாளியாகவே நுழைவதால், ரோமிங் என்றாலே பணம் பறிபோகும் என்று பயந்து அந்தப் பொத்தானையும் அணைத்துவிட்டால் இணைப்பே கிடைக்காது. ஐபோனில் ‘அலவ் செலியுலர் டேட்டா சுவிட்சிங்’ என்பதையும் அணையுங்கள். இல்லாவிட்டால் இ-சிம்மின் சமிக்ஞை குறையும்போது கைபேசி தானாகவே இலங்கைச் சிம்மின் டேட்டாவுக்குத் தாவக்கூடும். வெளிநாட்டில் குறுஞ்செய்தி பெறுவதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை என்றாலும், வரும் அழைப்பை எடுத்தால் கட்டணம் ஓடும் என்பதை உறவினருக்கும் சொல்லிவையுங்கள்.

நிறுவனங்களைப் பொறுத்தவரை, பெயரைவிடத் திட்டத்தின் சிறிய எழுத்துகளே முக்கியம் என்பது என் கருத்து. 15 நாள் திட்டம் உங்களுக்குக் கடைசி நாட்களில் கைகொடுக்காது; 30 நாள் திட்டத்தையே பாருங்கள். ‘வரம்பற்ற’ என்று விற்கப்படும் பல திட்டங்களில் நாளொன்றுக்குக் குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். சிலவற்றில் ஹொட்ஸ்பொட்டுக்கும் கட்டுப்பாடு உண்டு.

அக்கரைப்பற்று ஹாஜரா:

வ அலைக்கும் ஸலாம். கல்லடி அண்ணன் சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் ஹொட்ஸ்பொட்டை நம்பி உம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஹொட்ஸ்பொட் சில மீற்றர் தூரத்துக்குத்தான் எட்டும். பள்ளிவாசலில் பெண்களுக்குத் தொழும் இடம் தனியாக இருப்பதால், உம்மா உங்களிடமிருந்து பிரிந்து செல்லும் நேரமும் அவருக்கு இணைப்பு அறுந்துபோகும் நேரமும் ஒன்றாகவே இருக்கும். உங்களைத் தேட வேண்டிய அந்த நேரத்தில்தான் கைபேசி பயனற்றுப்போகும்.

இன்னொரு விடயம்: பயண இ-சிம்களில் பெரும்பாலானவை டேட்டாவை மட்டுமே தருகின்றன, அழைப்பதற்கு இலக்கம் தருவதில்லை. வட்ஸ்அப் உங்கள் பழைய இலக்கத்திலேயே தொடர்ந்து இயங்கும், ஆனால் வாப்பாவின் பட்டன் போனை வட்ஸ்அப்பில் அழைக்க முடியாது. ஆகவே உங்களுக்கு இ-சிம்மும், உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் ஜித்தா விமான நிலையத்தில் ஆளுக்கொரு சவூதி சிம்மும் வாங்குவதே நல்லது. கடவுச்சீட்டும் விரலடையாளமும் கேட்பார்கள் என்பதால் இருவரையும் கவுண்டருக்கு அழைத்துச் செல்லுங்கள். உம்மாவின் கைபேசியில் இரண்டாவது இடத்தில் அதைப் போட்டால் இலங்கைச் சிம்மைக் கழற்ற வேண்டியதில்லை. நீங்கள் உம்மாவுக்கு வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், உம்மா வாப்பாவைச் சாதாரணமாக அழைக்கலாம். 2ஜி மட்டும் உள்ள பட்டன் போன்கள் எல்லா நாடுகளிலும் வேலை செய்வதில்லை. கவுண்டரை விட்டு நகருமுன் வாப்பாவின் போனில் ஓர் அழைப்பு எடுத்துப் பாருங்கள்.

மதீனாவில் நபிகளாரின் பள்ளிவாசலிலுள்ள ரவ்ழா என்ற சிறப்பிடத்துக்குச் செல்ல, சவூதி அரசின் நுசுக் செயலியில் முன்பதிவு செய்ய வேண்டும். அதை ஊரிலேயே தரவிறக்கிக் கணக்கும் திறந்து வைத்தால் அங்கே தடுமாற்றம் இராது.

நிந்தவூர் இளையவன்:

இருவருக்கும் நன்றி. என் கைபேசியில் பூட்டு எதுவும் இல்லை, ஈஐடியும் காட்டுகிறது. உம்மாவின் கைபேசியில் காட்டவில்லை, எனவே ஹாஜரா தாத்தா சொன்னபடியே செய்கிறேன். இ-சிம்மை வீட்டிலேயே ஏற்றிவிடலாமா, அல்லது ஜித்தாவில் இறங்கிய பின்னரா?

கல்லடிப் பாலத்தடி:

வீட்டு வைஃபையிலேயே ஏற்றிவிடுங்கள் தம்பி, ஏற்றுவதற்கே இணையம் தேவை. ஆனால் காலக்கணக்கு ஏற்றிய நேரத்திலிருந்து தொடங்குகிறதா, அந்த நாட்டு வலையமைப்பில் முதலில் இணைந்த நேரத்திலிருந்தா என்பதை வாங்குமுன் படியுங்கள். முதல் வகையாயின் புறப்படும் நாளிலேயே ஏற்றுங்கள். கியூஆர் குறியீடு அதே கைபேசிக்கு மின்னஞ்சலில் வரும் என்பதால், அதை ஸ்கேன் செய்ய வேறொரு திரையிலோ அச்சிட்ட தாளிலோ எடுத்து வையுங்கள். அது பெரும்பாலும் ஒருமுறைக்கே செல்லும். ஜித்தாவில் இணைப்பு வரவில்லை என்று பதறி இ-சிம்மை அழித்துவிட வேண்டாம். டேட்டாவுக்கு எந்தச் சிம் தெரிவாகியிருக்கிறது என்பதையும், ஏபிஎன் (கைபேசியை இணையத்தோடு இணைக்கும் அமைப்பு) பெயர் நிறுவனம் அனுப்பியபடி இருக்கிறதா என்பதையும் பார்த்து, கைபேசியை ஒருமுறை அணைத்து மீண்டும் போடுங்கள்.

சவூதிக்கு மட்டுமான திட்டம் டுபாயில் இயங்காது. அங்கே விமான நிலைய வைஃபை கிடைக்கும். வட்ஸ்அப் அழைப்புகள் அந்நாட்டில் தடுக்கப்பட்டிருப்பதால் ஊருக்குக் குரல்பதிவு அனுப்பிக்கொள்ளுங்கள்.