பஜாஜ் டாமினார் 400 பைக் வாங்கலாமா, டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 பைக் வாங்கலாமா?

சத்துவாச்சாரியிலிருந்து கேட்கிறேன். தினமும் ராணிப்பேட்டை வேலைக்குப் போய்வர, மாதம் ஒருமுறை மனைவியோடு பெங்களூரு போகவும் வேண்டும். இரண்டையும் ஓட்டிப் பார்த்தும் மனசு ஒரு பக்கம் நிற்கவில்லை. வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

பதில் (காட்பாடி, டாமினார்):
தம்பி, பின்னால் ஆள் உட்காருவார் என்றால் டாமினார்தான். 373 சிசி இன்ஜின், 35 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுக்கும் வலு), ஆம்பூர் தாண்டி லாரி வரிசையைக் கடக்கும்போது அடிக்கடி கியர் குறைக்க வேண்டியதே இல்லை, நிமிர்ந்து உட்கார்ந்தே போகலாம், டேங்க்கும் 13 லிட்டர். எடை 193 கிலோ, மார்க்கெட் சந்தில் திருப்பும்போது நன்றாகவே தெரியும்.

பதில் (திருப்பத்தூர், ஆர்ஆர் 310):
பின்சீட்டு விஷயத்தில் அண்ணன் சொல்வது சரி. ஆனால் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் 174 கிலோ வண்டி நாம் நினைத்த இடத்தில் திரும்பும், அந்த சந்தோஷத்துக்காகவே விடியற்காலையில் எழுந்து போகிறேன். டேங்க் 11 லிட்டர்தான். தனியாகப் போகிறவர்களுக்கு என் ஓட்டு இதற்கே.

கேட்டவர்:
நன்றி அண்ணா, நன்றி நண்பா. ஞாயிற்றுக்கிழமை மனைவியைப் பின்னால் உட்காரவைத்து வாணியம்பாடி வரை டாமினாரை ஓட்டிப் பார்க்கிறேன், அவள் சரி என்றால் அதுதான்.