அயர்லாந்து மருந்துத் துறையை நம்பிக் குடும்பத்தோடு வரலாமா?

அயர்லாந்தில் மருந்துத் துறை இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும், இப்போது குடும்பத்தோடு வருவது சரியா என்று இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கார்க் நகருக்கு அருகே ஓர் ஆலையில் வேலிடேஷன் (கருவிகளும் தயாரிப்பு முறையும் சரியாக இயங்குகின்றன என்று சோதித்துச் சான்று தரும்) பிரிவில் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

இங்கே உள்நாட்டுச் சந்தை வேறு, ஆலைகளின் சந்தை வேறு. சுமார் 54 லட்சம் பேர் வாழும் நாட்டில் மருந்து விற்பனை எவ்வளவு பெரிதாக இருந்துவிட முடியும்? ஆனால் 2024-இல் இங்கிருந்து ஏற்றுமதியான மருந்து, மருத்துவப் பொருள்களின் மதிப்பு ஏறத்தாழ 10,000 கோடி யூரோ. மொத்தச் சரக்கு ஏற்றுமதியில் அது 45 விழுக்காடு. ரிங்காஸ்கிடியில் 1969-இல் தொடங்கிய ஃபைசர், கின்சேலில் எலி லில்லி, வெஸ்ட்போர்ட்டில் போடாக்ஸ் தயாரிக்கும் ஆப்வி என நமக்குச் சம்பளம் தருபவை எல்லாம் இந்த ஏற்றுமதி ஆலைகள்தாம்.

அவற்றின் மிகப் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்கா என்பதால், கவலையும் அங்கிருந்துதான் வருகிறது. 2025-இன் தொடக்கத்தில், அமெரிக்காவின் இறக்குமதி வரி வருமுன் சரக்கை அனுப்பிவிட வேண்டும் என்று நிறுவனங்கள் அவசரப்பட்டதால் ஏற்றுமதி பெருமளவு எகிறியது. அந்த எண்ணைப் பார்த்துத் துறை வளர்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த ஆண்டின் கோடையில் ஐரோப்பிய ஒன்றியம் அமெரிக்காவோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி மருந்துக்கான வரி 15 விழுக்காட்டைத் தாண்டாது என்றானது. என் கணிப்பில், இருக்கும் ஆலைகளை யாரும் எளிதில் பெயர்த்துக்கொண்டு போய்விட முடியாது: ஒரு மருந்தின் தயாரிப்பை வேறிடத்துக்கு மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி சோதித்து, ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் பெற்று முடிக்கவே ஆண்டுகள் ஆகும். அடுத்த புதிய ஆலை இங்கே எழுமா, அமெரிக்காவில் எழுமா என்பதுதான் உண்மையான கேள்வி.

காப்புரிமை முடிந்து மற்றவர்களும் அதே மருந்தைச் செய்யத் தொடங்குவதும் அடி கொடுக்கும். எம்எஸ்டி நிறுவனத்தின் புற்றுநோய் மருந்தான கீட்ரூடாவுக்கு அமெரிக்காவில் 2028-இல் முதன்மைக் காப்புரிமை முடிகிறது. இருந்தாலும், லிமெரிக்கில் டெல் விட்டுச்சென்ற கணினித் தொழிற்சாலையை ரீஜெனரான் என்ற மருந்து நிறுவனம் வாங்கி உயிரி மருந்து (உயிரணுக்களைக் கொண்டு செய்யும் மருந்து) ஆலையாக்கியதைப் பார்த்தவர்கள், ஒரு பொருள் போனால் ஊரே காலியாகிவிடும் என்று பதறுவதில்லை.

ஆகவே எந்த நிறுவனம் என்பதைவிட, எந்த வேலை தெரியும் என்பதில் கவனம் வையுங்கள். நான் சென்னையை அடுத்த ஆலத்தூரில் மாத்திரைப் பிரிவில் பழகியவன். இங்கே நேர்காணலில் ஒரு நாளைக்கு எத்தனை லட்சம் மாத்திரை அடித்தோம் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு டீவியேஷனை (வகுத்த முறையிலிருந்து நேர்ந்த விலகலை) எப்படி விசாரித்தாய், மூல காரணம் என்று எதை எழுதினாய், அதற்குச் சான்று எங்கே என்று முக்கால் மணி நேரம் துருவினார்கள். செல் கல்ச்சர் (உயிரணு வளர்ப்பு), நுண்ணுயிரற்ற நிரப்பல் ஆகியவற்றில் அனுபவம் இருந்தால் கதவு விரைவாகத் திறக்கும். இல்லாதவர்கள் டப்ளினில் உள்ள நிபர்ட் (NIBRT) என்ற உயிரி மருந்துத் தயாரிப்புப் பயிற்சி நிலையத்தின் படிப்புகளைப் பாருங்கள்.

பெர்மிட் (வேலை அனுமதி) விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். இத்துறையில் ஏஜென்சி வழியாக வரும் பதினோரு மாத ஒப்பந்த வேலைகள் ஏராளம், கூலியும் கூடுதல். ஆனால் ஆள்சேர்ப்பு ஏஜென்சி தரும் வேலைக்குப் பெர்மிட் கிடைக்காது. தட்டுப்பாடான திறன்களுக்குத் தரப்படும் கிரிட்டிகல் ஸ்கில்ஸ் பெர்மிட்டுக்கு நிறுவனமே நேரடியாக, இரண்டு ஆண்டுக்குக் குறையாத வேலை தர வேண்டும். ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்து ஸ்டாம்ப் 4 (பெர்மிட் இல்லாமலே வேலை செய்ய இடம்தரும் குடியிருப்பு அனுமதி) கைக்கு வந்த பிறகு ஒப்பந்த வேலைக்குத் தாராளமாகப் போகலாம். அதுவரை வீட்டுக் கடன் பேச்சை எடுக்காதீர்கள் என்பேன். என் மனைவிக்கு இதில் உடன்பாடில்லை.

மருந்து செய்யும் நாடு என்பதால் மருந்து மலிவாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். வந்ததும் பிபிஎஸ் எண் (அரசுச் சேவைகளுக்கான தனிநபர் அடையாள எண்) வாங்கி, மருந்துச் செலவுக்கு உச்சவரம்பு வைக்கும் அரசுத் திட்டமான டிரக்ஸ் பேமெண்ட் ஸ்கீமில் குடும்பத்தைப் பதிவு செய்யுங்கள். அங்கீகரிக்கப்பட்ட மருந்துகளுக்கு மாதம் 80 யூரோவுக்கு மேல் ஒரு குடும்பம் கட்ட வேண்டியதில்லை. அம்மா ஊரிலிருந்து தைராய்டு மாத்திரையைப் பார்சலில் அனுப்பக் கிளம்பினால் தடுத்துவிடுங்கள்: மருத்துவர் சீட்டுக்குரிய மருந்தை அஞ்சலில் வரவழைக்க இங்கே அனுமதியில்லை, சுங்கத்தில் பிடித்து வைத்துவிடுவார்கள். வரும்போதே கைப்பையில் கொண்டுவந்து, பிராண்டு பெயரோடு மூலப்பெயரையும் (ஜெனரிக் பெயர்) எழுதிய சீட்டை வைத்துக்கொண்டால், இங்குள்ள மருத்துவர் அதைப் பார்த்து அதே மருந்தை எழுதித் தருவது எளிது.