பிங்க் கூலண்ட் இருந்த எட்டியோஸில் பச்சைக் கூலண்டையும் குழாய்த் தண்ணீரையும் ஊற்றிவிட்டார்கள். இனி என்ன செய்வது?

ஈரோடு_எட்டியோஸ்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2013ஆம் ஆண்டு டொயோட்டா எட்டியோஸ் பெட்ரோல் கார் இருக்கிறது. இதுவரை 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் ரிசர்வ் டேங்கில் மாதத்துக்கு ஒரு விரற்கடை குறைந்துகொண்டே வந்ததால், இரண்டு மாதங்களுக்கு முன் வீட்டுக்கு அருகே உள்ள ஒரு பட்டறையில் காட்டினேன். அவர்கள் அரை லிட்டர் பச்சைக் கூலண்டை ஊற்றி, மீதிக்குக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் என்பது போர்வெல் தண்ணீர்தான். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் மாதம் ஒருமுறை உப்பைச் சுரண்டி எடுக்கிறோம். "எல்லாக் கூலண்டும் ஒன்றுதான், சாயம் மட்டும்தான் வேறு" என்றார் அங்கிருந்தவர். இப்போது டேங்கில் இருப்பது ஆறிப்போன டீயின் நிறத்தில் இருக்கிறது. முழுவதையும் மாற்ற வேண்டுமா? எதை வாங்குவது? நானே வீட்டில் மாற்றிவிட முடியுமா?

பழைய_ஸ்பானர்:

சாயத்தைப் பற்றி அவர் சொன்னது பாதி உண்மை. நிறத்துக்குப் பொதுவான தரக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. டொயோட்டாவின் நீண்ட ஆயுள் கூலண்டும் பிங்க் நிறம்தான், ஃபோக்ஸ்வாகன் கார்களுக்கு வந்த ஜி12 வகையும் ஏறக்குறைய அதே நிறம்தான், ஆனால் இரண்டின் உள்ளடக்கமும் வேறு. ஹோண்டாவின் டைப் 2 நீலம், ஹூண்டாய் கார்களில் நெடுங்காலமாக இருந்தது பச்சை. ஆகவே கடைக்காரரிடம் நிறத்தைச் சொல்லிக் கேட்பதில் பயனில்லை.

பார்க்க வேண்டியது துருத்தடுப்பு மருந்து எது என்பதைத்தான். அடிப்படைத் திரவம் எல்லாவற்றிலும் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால்தான். ஜப்பானிய, கொரிய நிறுவனங்கள் அதனுடன் பாஸ்பேட்டையும் கரிம அமிலங்களையும் சேர்க்கின்றன. சிலிக்கேட்டைத் தவிர்க்கின்றன, ஏனென்றால் அது வாட்டர் பம்ப் சீலைத் தேய்க்கும் என்பது அவர்கள் கருத்து. ஐரோப்பியர்கள் இதற்கு நேர்மாறாகச் சிலிக்கேட்டை ஏற்றுப் பாஸ்பேட்டை ஒதுக்கினார்கள். அங்கே பல இடங்களில் தண்ணீர் கடினமானது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பாஸ்பேட்டுடன் சேர்ந்தால் சுண்ணாம்புபோலப் படிந்துவிடும். ஜப்பானில் தண்ணீர் மென்மையானது, அதனால் அந்தக் கவலை அவர்களுக்கு இல்லை. உங்கள் வண்டியில் ஜப்பானியக் கூலண்டும் ஈரோட்டு போர்வெல் தண்ணீரும் சேர்ந்திருக்கின்றன. பச்சைக் கூலண்டை விட அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

எனவே முழுவதையும் மாற்றிவிடுங்கள். இந்தக் கலப்பு நடக்காமல் இருந்திருந்தாலும் உங்களுக்கு மாற்றும் காலம் வந்துவிட்டது. டொயோட்டா தன் பிங்க் கூலண்டுக்கு முதல் முறை 1,60,000 கிலோமீட்டர், அதன்பின் 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று சொல்வதை மட்டும் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். கூடவே ஆண்டுக்கணக்கும் உண்டு. குறைவாக ஓடும் வண்டிக்கு அதுதான் முதலில் வந்து நிற்கும். வாங்கும்போது தண்ணீருடன் சரிபாதி கலந்தே வரும் ப்ரீமிக்ஸாக, புட்டியில் பாஸ்பேட் உண்டு, சிலிக்கேட் இல்லை என்று தெளிவாக எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். டொயோட்டாவின் சொந்தக் கூலண்ட் கிடைத்தால் ஆராய்ச்சியே தேவையில்லை.

டாக்சி_இன்னோவா:

நான் ஏழு ஆண்டுகளாக இன்னோவாவில் சாதாரணப் பச்சைக் கூலண்டைத்தான் ஊற்றி வருகிறேன், ஒன்றும் ஆகவில்லை. நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லையே, எதற்கு இவ்வளவு செலவு?

பழைய_ஸ்பானர்:

ஐயா, நீங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுபவராக இருந்தால் அது ஓடும், அதை நான் மறுக்கவில்லை. இரண்டு வகைகள் கலந்தவுடன் ஜெல்லியாக உறைந்துவிடும் என்ற பேச்சும் பெரும்பாலும் மிகைதான். உண்மையில் நடப்பது என்னவென்றால், நீண்ட ஆயுள் கூலண்டின் ஆயுள் சத்தமில்லாமல் குறைந்துபோகும். உறைநிலைக்காக நமக்குக் கூலண்ட் தேவையில்லை என்பதும் சரி. ஆனால் துருத்தடுப்பு மருந்து அந்தக் கிளைக்காலோடு சேர்ந்துதான் வருகிறது. கூலண்டின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் கீழே போனால் அலுமினிய ரேடியேட்டருக்கும் பம்புக்கும் பாதுகாப்பு போதாது.

ஈரோட்டு நண்பர் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று இங்கே இருக்கிறது. ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்தால் மொத்தமும் வடிந்துவிடாது. எஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் ஏறக்குறைய பாதி தங்கிவிடும். எடுத்துக்காட்டாக மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர், வடிவது 3 லிட்டர் என்று வையுங்கள். பலர் சுத்தமாக அலச வேண்டும் என்று தண்ணீரைத் திரும்பத் திரும்ப ஊற்றி வடித்துவிட்டு, கடைசியில் ப்ரீமிக்ஸை நிரப்புகிறார்கள். உள்ளே 3 லிட்டர் வெறும் தண்ணீர் நிற்கிறது. மேலே ஊற்றிய 3 லிட்டரில் பாதிதான் கூலண்ட். ஆக, வண்டியில் இருக்கும் கூலண்ட் 25 சதவீதம்தான். அலசியே தீர வேண்டும் என்றால் டிஸ்டில்டு வாட்டரால் அலசி, கடைசியில் ப்ரீமிக்ஸுக்குப் பதிலாக தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட்டை 3 லிட்டர் ஊற்ற வேண்டும். தண்ணீரே தொடாமல் ப்ரீமிக்ஸையே மும்முறை வடித்து நிரப்பினால் பழையதில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும்; செலவு கூடுதல், தவறு நேர வாய்ப்பு குறைவு.

வேலையை இரவெல்லாம் ஆறி நின்ற வண்டியில்தான் தொடங்க வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டவரை என் பட்டறை நாட்களில் நேரில் பார்த்திருக்கிறேன். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸை அவ்வப்போது கையால் அமுக்கினால் காற்றுக் குமிழிகள் வெளியேறும். மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே வந்து, இனி இறங்கவில்லை என்றானதும் மூடிவிட்டு, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும் வரை காத்திருங்கள். மறுநாள் காலையில் மட்டத்தை மீண்டும் பாருங்கள். வடித்ததை வாசலில் கொட்டிவிட வேண்டாம். அது இனிக்கும், நாயும் பூனையும் நக்கினால் சிறுநீரகம் போய்விடும்.

இதையெல்லாம் செய்வதற்கு முன், மாதம் ஒரு விரற்கடை எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள். மூடிய அமைப்பில் கூலண்ட் தானாகக் குறையக் கூடாது. முதலில் வாட்டர் பம்பின் கப்பிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கோவை_ஐ10:

என்னுடையது ஹூண்டாய். பட்டறையில் சூடு ஏறாமல் இருக்கத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?

பழைய_ஸ்பானர்:

வேண்டாம். எஞ்சின் சூடேறும் வரை கூலண்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு அது. அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், உண்மையான கோளாறும் மறைந்துகிடக்கும். தெர்மோஸ்டாட் பழுதென்றால் புதியதைப் போடுங்கள்.

ஈரோடு_எட்டியோஸ்:

ஐயா, நேற்று மாலை டார்ச் அடித்துப் பார்த்தேன். வாட்டர் பம்பின் கீழ்ப்பக்கத்தில் காய்ந்துபோன பொருக்கு ஒன்று கோடாக இறங்கியிருக்கிறது. நகத்தால் சுரண்டியபோது மேலே மெல்லிய பச்சை, அதற்குக் கீழே தடிப்பாகப் பிங்க். பட்டறைக்குப் போவதற்கு வெகு முன்பிருந்தே பம்ப் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. முதலில் பம்பை மாற்றக் கொடுத்திருக்கிறேன். எப்படியும் அதற்காகக் கூலண்டை வடித்தாக வேண்டும் என்பதால், ப்ரீமிக்ஸ் புட்டிகளை நானே வாங்கிக் கொண்டுபோய் வைத்துவிட்டு, குழாயின் பக்கம் யாரும் போகாமல் பக்கத்திலேயே நிற்கப்போகிறேன்.