செக் எஞ்சின் லைட், பி0171: வாசல்லயே பாக்கலாமா, ஒர்க்‌ஷாப் விடணுமா?

தண்டையார்பேட்டை_டர்போ:
பிஎஸ்4 பெட்ரோல் ஹேட்ச்பேக். மஞ்சள் செக் எஞ்சின் லைட் விடாம எரியுது, மினுக்கல. எஞ்சின் கோட படிக்கிற புளூடூத் ஓபிடி ஸ்கேனர்ல பி0171, கலவை லீன்னு (காத்து அதிகம், பெட்ரோல் கம்மி) வருது. மெக்கானிக் எக்ஸாஸ்ட்ல இருக்கிற ஆக்சிஜன் சென்சார் மாத்தணும்ங்கிறார். அதுக்கு முன்னாடி வீட்லயே என்ன பாக்கலாம்?

பத்தாம்நம்பர்_ஸ்பேனர்:
சென்சார் வாங்காதீங்க. லீன்னு சொன்னதே அந்த சென்சார்தான், சொன்னவனையே தூக்கிப் போட்டா எப்படி? கோட அழிக்கிறதுக்கு முன்னாடி ஃப்ரீஸ் ஃப்ரேம (கோட் விழுந்த நேரத்துல பதிவான எஞ்சின் அளவுகள) ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. எஞ்சின் நல்லா சூடானதும் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் (எஞ்சின் கம்ப்யூட்டர், அதாவது ஈசியூ, பெட்ரோல எத்தன சதவீதம் கூட்டுது குறைக்குதுன்னு காட்டும்) ஆக்சிலரேட்டர் மிதிக்காத ஐடில்ல எவ்ளோ, 2500 ஆர்பிஎம்ல எவ்ளோன்னு குறிச்சுக்கோங்க. ட்ரிம் ஐடில்ல ஏறி, 2500ல இறங்குச்சுன்னா காத்து கசிவு. ஏர் ஃபில்டர் பாக்ஸ்லேந்து த்ராட்டிலுக்குப் போற ரப்பர் ஹோஸ வளைச்சுப் பாருங்க, மடிப்புக்குள்ளதான் வெடிப்பு ஒளிஞ்சிருக்கும். அடுத்து எஞ்சினுக்குள்ள சேர்ற வாயுவ இழுக்குற பிசிவி ஹோஸ், பிரேக் பூஸ்டர் ஹோஸ். ஜாயின்ட்ல கார்ப் க்ளீனர் அடிச்சு ஆர்பிஎம் மாறினா அங்கதான் ஓட்டை.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்:
ஓடுற எஞ்சின்ல கார்ப் க்ளீனரா? பக்கத்துல எக்ஸாஸ்ட் கொதிச்சிட்டிருக்கும், குப்புனு பத்திக்கும். தண்ணி ஸ்ப்ரே பாட்டில் போதும், கனெக்டர்ல படாம.
ஆனா அந்த டெஸ்டே இந்த வண்டிக்கு வேணுமான்னு பாருங்க. ஏர் ஃபில்டர ஒட்டி காத்த அளக்குற எம்ஏஎஃப் சென்சார் இருந்தாதான் கசிவுல ட்ரிம் ஏறும். சின்ன வண்டி நிறைய, இன்டேக் மேனிஃபோல்டு (எஞ்சினுக்குள்ள காத்து போற குழாய்) பிரஷர அளக்குற எம்ஏபி சென்சார்ல ஓடுது. அதுல உள்ள பூந்த காத்தும் பிரஷர் கணக்குல சேந்துடும். ஐடில் ஆர்பிஎம் ஏறும், ட்ரிம் பெருசா ஏறாது. இது தெரியாம ஹோஸா மாத்திட்டு உக்காந்திருப்பீங்க. ஒர்க்‌ஷாப் விடுங்க.

வண்ணாரப்பேட்டை_வாசி:
எதுக்கு இவ்ளோ? பேட்டரி நெகட்டிவ்வ கால் மணி நேரம் கழட்டி மாட்டுங்க, லைட் போயிடும்.

பத்தாம்நம்பர்_ஸ்பேனர்:
வேலைக்கு ஆவாது பாஸ். ஃப்ரீஸ் ஃப்ரேமும் கத்துக்கிட்ட ட்ரிம்மும் சேந்து அழியும், கொஞ்ச நாள்ல லைட் திரும்ப வரும். ஆதாரத்த நாமளே அழிச்ச மாதிரி.

தண்டையார்பேட்டை_டர்போ:
ட்ரிம் ஐடில்ல ப்ளஸ் 21 சதவீதம், 2500ல ப்ளஸ் 10. ஐடில் ஆர்பிஎம் ஏறல, சீரா இருக்கு. ஃபில்டர் பக்கம் சென்சார் இல்ல. இன்டேக் மேனிஃபோல்டு மேல நாலு வயரோட ஒண்ணு இருக்கு.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்:
அது எம்ஏபி, கூடவே காத்து சூட்டையும் பாக்கும். அப்போ ஹோஸ விடுங்க. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னாடி எக்ஸாஸ்ட் கசிவு இருக்கணும். புகை போற வேகம் கம்மியா இருக்கிற ஐடில்ல, அந்த ஓட்டை வழியா வெளிக்காத்து உள்ள இழுபடும். சென்சார் லீன்னு நம்பி, ஈசியூ பெட்ரோல கூட்டும். கடல் காத்து அடிக்கிற நம்ம பக்கம் எக்ஸாஸ்ட் ஜாயின்ட்ல இருக்கிற ஃப்ளேஞ்ச் போல்ட்டும் கேஸ்கெட்டும் சீக்கிரம் துருவேறும். 2500லயும் ப்ளஸ் 10 நிக்கிறதுல இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கும் பங்கு உண்டு. இ10க்கு டியூன் பண்ண வண்டின்னா அதுவே ட்ரிம்ம 4 சதவீதம் போல ஏத்தும்.

பத்தாம்நம்பர்_ஸ்பேனர்:
சரி, அதையும் வாசல்லயே பாக்கலாமே. காலைல எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (எஞ்சின்லேந்து புகை வெளிய வர்ற குழாய்) கிட்ட காது கொடுங்க, "டிக் டிக்"னு கேக்கும். ஜாயின்ட்ட சுத்தி கரி படிஞ்சிருக்கும். எஞ்சின் சூடேறினா இரும்பு விரிஞ்சு சத்தம் அடங்கிடும், அதனாலதான் ஒர்க்‌ஷாப்ல கொண்டு போய் விட்டா யாருக்கும் கேக்கறதில்ல.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்:
பாக்கறது சரி, கழட்டறது வேணாம். துருப்பிடிச்ச ஸ்டட் முறிஞ்சா ட்ரில் போட்டு எடுக்கணும். ஸ்டெப்னி ஜாக்கிய மட்டும் நம்பி வண்டிக்கு அடில போகக் கூடாது.

பத்தாம்நம்பர்_ஸ்பேனர்:
ஜாக் ஸ்டாண்டு வச்சு, முந்தின நாள் ராத்திரியே ரஸ்ட் ஸ்ப்ரே அடிச்சு ஊற விட்டா பெரும்பாலும் கழண்டு வரும். நட்டு மூலை மழுங்கியிருந்தா மட்டும் தொடாதீங்க, நேரா வெல்டர்கிட்ட போங்க. பழைய கேஸ்கெட்ட திரும்பப் போடாதீங்க. லைட் மினுக்க ஆரம்பிச்சா அது மிஸ்ஃபயர் (சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியல), எரியாத பெட்ரோல் புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர காலி பண்ணிடும், அப்போ ஓட்டாதீங்க.

தண்டையார்பேட்டை_டர்போ:
நாளைக்கு காலைல டார்ச் அடிச்சு பாத்துட்டு ஃபோட்டோ போடறேன்.