'வீல் ஆஃப் டைம்' ஃபேன்டஸி நாவல் தொடரோட நாயகன் ராண்டுக்கு பவர் ஓவராப் போச்சுன்னு எந்தக் கட்டத்துல தோணுச்சு? (ஸ்பாய்லர் உண்டு)

பக்கம்புரட்டி:
எனக்கு வீல் ஆஃப் டைம் 12வது புத்தகம், நாட்ரின்ஸ் பேரோங்கற இடத்துல நடக்கறது. கதை தெரிஞ்சவங்கதானே எல்லாரும், நேரா வர்றேன். அங்க உள்ள மாளிகைக்குள்ள வில்லி கிரேண்டால் இருக்காளான்னு தெரியணும். ராம்ஷலான்னு ஒரு வெத்துவேட்டைத் தூது அனுப்புறான் ராண்ட். திரும்பி வந்தவன் மேல கம்பல்ஷன், அதாவது மனசை வசியம் பண்ற மந்திரம், இருக்குன்னு கூட இருக்கிற நைனீவ் சொல்றா. அவ்வளவுதான், சோயேடான் கால்ங்கற மந்திரக் கருவி வழியா சக்தியை இழுத்து பேல்ஃபயர், அதாவது பட்டவங்க கொஞ்சம் முன்னாடி செஞ்சதையும் சேத்து இல்லாமப் பண்ற நெருப்பு. மாளிகையே இல்ல. உள்ள இருந்த வேலைக்காரங்களும் காலி. அழிச்சதுகூட என்னை உறுத்தல. அந்தக் கையோட திரும்பி, ராம்ஷலானை இன்னொரு தடவை பாக்கச் சொல்லி நைனீவ்கிட்ட சொல்றான் பாருங்க, அங்கதான். கம்பல்ஷன் காணோம், அப்ப போட்ட ஆள் போயாச்சு. கடைக்காரர் பில்லைச் சரிபார்க்கிற மாதிரி! புத்தகத்தை மூடி வெச்சவன் ரொம்ப நாள் தொடவே இல்ல.

நூல்சிக்கு:
கிரேண்டால் சாகவே இல்லையே? 13வதுல தெளிவா வருது. கம்பல்ஷன் போட்டது அவகூட இருந்த அரான்காரும் டெலானாவும், கிரேண்டால் தப்பிச்சுட்டா. அத்தனை பவரை வெச்சும் ஏமாந்த ஆளை ஓவர்ங்கறீங்க. இடது கை கிடையாது, விலாவுல ஆறாத புண்ணு, மண்டைக்குள்ள முற்பிறவி ஆளு லூஸ் தெரினோட புலம்பல். இதுக்கு மேல என்னதான் கொறைக்கணும்?

கடைசிபெஞ்ச்:
எனக்கு மராடன் நகரத்துச் சண்டை. ராண்ட் தனியா நின்னு ட்ரோலாக்ங்கற அரக்கப் படையைத் துடைச்செறியறப்ப விசிலடிக்கத் தோணுச்சு, பொய் சொல்லல. ஆனா அடுத்த பக்கமே சப்புன்னு ஆயிடுச்சு. தளபதி இட்டுரால்டே அந்த ஊரைக் காப்பாத்த ஆள் ஆளா இழந்து நிக்கிறாரு. இவன் இப்படி ஊதித் தள்ளுவான்னா அவங்க எதுக்குச் செத்தாங்க? நூல்சிக்கு, கை போனா பவர் குறைஞ்சதுன்னு யாரு சொன்னது?

நூல்சிக்கு:
முடிச்சதும் நிக்கத் தெம்பில்லாமத் தள்ளாடுறானே, அந்தப் பக்கத்தைத் தாண்டிட்டீங்களா?

பழையவாசகர்:
எனக்கும் மராடன்ல ஒரு மாதிரிதான் இருந்துச்சு. அது கிடக்கட்டும். புதுசாப் படிக்கிறவங்க 9வது புத்தகத்தோட கடைசியை ஒருக்கா திரும்பப் படிங்க. சைடீனை, அதாவது ஆண்கள் பயன்படுத்துற கறைபட்ட மந்திர சக்தியை, சுத்தம் பண்றதும் இதே சோயேடான் கால் வெச்சுத்தான். தொடர்லயே அதைவிடப் பெரிய வேலை இல்ல, ஆனா அங்க ஒருத்தரும் ஓவர்னு சொல்றதில்ல. ஏன்? நைனீவோட இணைஞ்சாத்தான் முடியும், அது முடியற வரைக்கும் மத்தவங்க சுத்தி நின்னு உயிரைக் குடுத்துக் காவல் காக்கணும். நாட்ரின்ஸ் பேரோவுல யாரோட தயவும் தேவைப்படல. அப்புறம் 10வதுல ராண்ட் தலையே அதிகம் தெரியாது, கடுப்பாகித் தாண்டிடாதீங்க. முன்கதைப் புத்தகத்தை முதல்ல எடுக்காதீங்க. 2007ல ஆசிரியர் ஜோர்டன் இறந்த பிறகு கடைசி மூணும் சாண்டர்சன் கை, நடை மாறும், பதறாதீங்க. குறிப்பேடு ஒண்ணு பக்கத்துல வெச்சுக்கங்க, ஆயிஸ் செடாய்ங்கற மந்திரப் பெண்களோட பேரெல்லாம் குழம்பும்.

பக்கம்புரட்டி:
குறிப்பேடா? நான் படிச்சு முடிச்சாச்சுங்க. நூல்சிக்கு, கிரேண்டால் தப்பிச்சது தெரியும். அப்ப அந்த வேலைக்காரங்க செத்தது இன்னும் கேவலம் இல்லையா? அதுக்கு மட்டும் யாரும் பதில் சொல்ல மாட்டேங்கறீங்க.