தர்மபுரியில் வாடகை வீடு: முந்தைய பதிவுக்குப் புதுப்பிப்பு

டவுனுக்குள் மாடி வீடா, ஊருக்கு வெளியே தனி வீடா என்று முன்பு எழுதியபோது வாடகை, காற்றோட்டம், பார்க்கிங் பற்றியே அதிகம் சொல்லியிருந்தேன். தண்ணீரைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருந்தேன். அது தவறு, திருத்துகிறேன்.

இந்த மாவட்டத்துப் போர் தண்ணீரில் பெரிய பிரச்சினை ஃப்ளோரைடு. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. குழாய் வாயில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்புதான். ஃப்ளோரைடு கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். சின்னக் குழந்தைகள் இருந்தால் முளைத்து வரும் பல்லில் கறை நிலைத்துவிடும். அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, மோட்டார் ஐந்து நிமிடம் ஓடியபின் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

"ஒகேனக்கல் தண்ணி வருதுங்க" (கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் காவிரித் தண்ணீர்) என்று ஓனர் சொன்னால் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். போர் தண்ணீரும் அதே டேங்கில் விழுந்தால் பயனில்லை. ஒகேனக்கல் தண்ணீர் சமையலறைக்குத் தனிக் குழாயில் வர வேண்டும். அது இல்லாத வீட்டுக்கு ஃப்ளோரைடைப் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. மெஷின் செலவையும் வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள். கிருமியை மட்டும் கொல்லும் வெறும் யுவி ஃபில்டர் ஃப்ளோரைடை எடுக்காது.

மாடி வீட்டில் கரண்டுக்குத் தனி மீட்டரா, சப் மீட்டரா என்பதையும் கேட்டுவிடுங்கள்.