தொப்பூர் இறக்கத்தில் உதறிய வண்டி
குழு: நம்ம வீட்டு லாரி

அண்ணன் (காலை 6:10): நாமக்கல் வந்துவிட்டேன், மக்காச்சோளம் இறக்க வரிசையில் நிற்கிறேன். தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கில் கால் வைத்தாலே வண்டி உதறுகிறது பெரியப்பா. போன நடையில் லேசாக இருந்தது, இப்போது டேஷ்போர்டில் வைத்த சில்லறை எல்லாம் கீழே விழுகிற அளவுக்கு.

பெரியப்பா: ஸ்டியரிங் ஆடுகிறதா, சீட்டு ஆடுகிறதா?

அண்ணன்: ஸ்டியரிங் சும்மா இருக்கிறது. சீட்டுக்கு அடியில்தான் தடதடவென்று. பிரேக்கை விட்டால் நின்றுவிடும்.

பெரியப்பா: அப்போ பின்னாடிதான். டயரோ ஜாயின்டோ என்றால் பிரேக் போடாமலே ஆட்டும்.

அண்ணி: பிரேக்கில் உரசிப் பிடிக்கிற லைனர் பட்டைக்கு விலை கேட்டுவிட்டேன். பின்னாடி நான்கு சக்கரத்துக்கும் மாற்றிவிடலாமா?

மாமா: பொறு கண்ணு. லைனரை மட்டும் மாற்றினால் ஒரு வாரம் நன்றாக ஓடும், அப்புறம் அதே உதறல் வரும், போட்ட காசும் போகும். லோடு இறக்கியதும் வண்டியைப் பட்டறைக்கு விடச் சொல், ஜாக்கி போட்டுப் பார்த்துவிடலாம்.

மாமா (மதியம் 1:40): ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி, லைனர் இடைவெளியைச் சரிசெய்கிற ஸ்லாக்கை லேசாக இறுக்கிக் கையால் சுற்றினோம். ஹவுசிங்கில், அதாவது இன்ஜின் சுற்றுகிற பின் அச்சில், இடது பக்கம் மட்டும் ஒரு சுற்றில் ஒரே இடத்தில் பிடிக்கிறது, அப்புறம் விட்டுவிடுகிறது. லைனர் உள்ளிருந்து உரசுகிற ட்ரம் வட்டம் போய்விட்டது. கழற்றிய படம் கீழே.

[படம்]

நான்: உள்ளே நீல நீலமாக ஐந்து ரூபாய் காசு அளவுக்குத் தெரிகிறதே, அது என்ன மாமா?

மாமா: சூடு ஏறி இரும்பு அந்த இடத்தில் மட்டும் கெட்டிப்பட்டுவிட்டது. லேத்தில் கடைந்தால் உளி அதன் மேல் துள்ளும், சமமாக வராது. தலைமுடி மாதிரி மெல்லிய கீறல்கள் இருந்தால் பயமில்லை, ஆனால் இதில் ஒரு வெடிப்பு விளிம்பு வரை ஓடியிருக்கிறது. புதிதில் 410 மி.மீ. விட்டம், இப்போது 412.6. கடைந்தால் ட்ரம்மிலேயே பதித்திருக்கும் அதிகபட்ச அளவைத் தாண்டிவிடும். இது தேறாது.

பெரியப்பா: இறங்கி வந்ததும் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றினீர்களா?

அண்ணன்: போன நடையில் புகை வந்ததென்று கிளீனர் ஒரு வாளி ஊற்றினான் பெரியப்பா.

பெரியப்பா: இனிமேல் ஊற்ற விடாதே. புகை வந்தால் ஓரங்கட்டி, கட்டை கொடுத்து, தானாக ஆற விடு. கொதிக்கிற ட்ரம்மில் தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கில் இறங்கு, கால் பிரேக்கை அவ்வப்போது மட்டும் அழுத்து. அதையே மிதித்துக்கொண்டு வந்தால் எந்த ட்ரம்மும் தாங்காது.

நான்: ஆனால் இடது பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு சூடு?

மாமா: அதுதான் விஷயம். வலது ஸ்லாக் துருப்பிடித்து இறுகிவிட்டது, லைனர் தேய்ந்த இடைவெளியை அது எடுக்கவே இல்லை. பாதிப் பிரேக் கூட வலதில் பிடிக்கவில்லை, அந்த வேலையையும் சேர்த்து இடதுதான் செய்திருக்கிறது. லைனரை விரிக்கிற கேம் தண்டின் புஷ்ஷும் ஆடுகிறது.

அண்ணி: சரி மாமா, எது எது வாங்கணும்?

மாமா: ஹவுசிங்குக்கு மட்டும் இரண்டு பக்கமும் ட்ரம், ஒரே கம்பெனி ஒரே அளவு. லைனர் இரண்டு பக்கமும் ஒரே கிரேடு, அஸ்பெஸ்டாஸ் இல்லாதது. ஸ்லாக் இரண்டு, கேம் புஷ், ரிட்டர்ன் ஸ்பிரிங், ஹப் சீல். சீலை விட்டுவிடாதே கண்ணு, கிரீஸ் கசிந்து புது லைனரில் பட்டால் துடைத்துப் பயனில்லை, தூக்கித்தான் போடணும். இன்ஜின் சுற்றாத இன்னொரு பின் அச்சான டம்மிக்கு இப்போது ஒன்றும் வேண்டாம், லைனர் இன்னும் பாதி இருக்கிறது.

நான்: பழைய லைனர் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள் மாமா, ஈரத் துணியால் துடையுங்கள். பட்டறைப் பையன் முகத்தில் ஒன்றும் கட்டாமல் நிற்கிறான், படத்தில் பார்த்தேன்.

மாமா: சொல்லிவிட்டேன், துண்டு கட்டிக்கொண்டான்.

நான்: துண்டு போதாது, மாஸ்க் வாங்கி வருகிறேன்.

அண்ணன் (இரவு 8:25): மாட்டியாயிற்று. காலி வண்டியை 40-ல் ஓட்டி நான்கைந்து முறை லேசாகப் பிடித்துப் பார்த்தேன், உதறல் இல்லை, ஒரு பக்கம் இழுக்கவும் இல்லை. இறங்கித் தொட்டுப் பார்த்தால் இரண்டு பக்க ஹப்பும் ஒரே சூடு.

பெரியப்பா: புது லைனர் ட்ரம்மோடு பதிந்து உட்காரும் வரை முழு லோடு ஏற்றாதே. அடுத்த நடை சேலத்தோடு நிறுத்திக்கொள்.